மணி அடித்த பிறகு

"இந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணினா?"

கல்வி அதிகாரி அம்மாள் முன் பெஞ்சைக் காட்டிக் கேட்டார்.

அங்கே ஒரு சிறுமி, டெஸ்க்கின் மேல் கைகளை மடக்கி, அதில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டுமல்ல. வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அதே கோலம். பள்ளிக்கூடம் விட்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"பேசினா மேடம்," என்றாள் நாலாம் வகுப்பு டீச்சர்.

"பக்கத்துல இருக்கிறவ?"

"அவ பேசினதைக் கேட்டா."

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியருக்கு இருமல் வந்தது. பதில் சொல்ல வேண்டிய நேரங்களில் தவறாமல் வருகிற இருமல்.

"சரி, அந்தக் கடைசி பெஞ்ச் பையன்?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். "சிரிச்சான் மேடம்."

"சிரிச்சதுக்கு இப்படித் தலையைக் கவுத்து உட்கார வெச்சிருக்கீங்களா? ரொம்ப நல்லாயிருக்கும்மா உங்க நியாயம்!"

அதிகாரி பொழுதுபோகாமல் வரவில்லை. வட்டாரத்திலேயே மார்க்கில் கடைசி இடம் இந்தத் தொடக்கப் பள்ளிக்கு. காரணத்தைத் தேடி, எந்தப் பிள்ளை எங்கே குடியிருக்கிறது, என்ன மார்க் வாங்குகிறது என்று அலசிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"உங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளையோட தெருவைச் சொல்லுங்க, நான் மார்க்கைச் சொல்லிடுறேன். பேங்க் குவார்ட்டர்ஸா, எழுபது எண்பது. மில் தொழிலாளிங்க இருக்கிற லைன் வீடா, பாஸ் மார்க்குக்கே ததிங்கிணத்தோம். அப்பா அம்மா படிக்காதவங்க, அதனாலதான்னு நினைச்சேன். இங்க வந்து பார்த்தாதான் லட்சணம் தெரியுது."

டீச்சர் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"இங்க உட்கார்ந்திருக்கிறதுல ஒரு பிள்ளையாவது குவார்ட்டர்ஸா?"

"இல்ல மேடம். எல்லாருமே மில் லைன்."

"ஏன், குவார்ட்டர்ஸ் பிள்ளைங்க வாயைத் தெச்சுக்கிட்டா வருதுங்க? அதுங்களுக்குச் சிரிப்பே வராதா?"

தலைமையாசிரியர் மறுபடி இருமினார்.

"கேக்க ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளையைத் தொட்டா நாளைக்கே வந்து சட்டையைப் பிடிப்பாங்க. இதுங்களுக்குக் கேக்க நாதி இல்ல. அப்படித்தானே?"

டீச்சர் டெஸ்க்கிலிருந்து நழுவி விழுந்த ஒரு நோட்டை எடுத்து வைத்தாள்.

"மணி அடிச்சப்புறம் ஒரு பிள்ளையும் ஸ்கூலுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டதே நான்தான். தண்டனைன்னா மட்டும் இருத்தி வெக்கலாம்னு ஒரு வரி சேர்த்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டு இப்படி ஆடுவீங்கன்னு யாரு கண்டா! உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா சார்?"

தலைமையாசிரியர் டீச்சரை விட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். "நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன் மேடம்."

அந்த மனிதர் யாரிடமும் எதையும் சொல்லிப் பார்த்தவரே இல்லை.

அதிகாரி டீச்சரின் பக்கம் திரும்பினார். "கடைசியா கேக்கறேன். இது தண்டனைதானா? தண்டனைன்னா, ஏழைப் பிள்ளைங்களை மட்டும் பொறுக்கி இருத்தினதுக்கு உங்க மேல நடவடிக்கை எடுப்பேன். இன்கிரிமென்ட் போகும், எங்கேயோ ஒரு மூலைக்கு டிரான்ஸ்ஃபர் வரும். தண்டனை இல்ல, வேற காரணம்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சுற்றறிக்கைப்படி இந்த நிமிஷமே பிள்ளைங்களை வெளியே அனுப்பி கேட்டைப் பூட்டணும். எது? சொல்லுங்க."

டீச்சர் பெஞ்சுகளை ஒருமுறை பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கொளுத்துகிற வெயிலையும் பார்த்தாள்.

"தண்டனைதான் மேடம்."

"கொஞ்சமாவது உறுத்துதா பாருங்க சார்! கல்நெஞ்சம்னா இதான்."

"ஆமாம் மேடம்," என்றார் தலைமையாசிரியர். இதற்கு மட்டும் இருமல் வரவில்லை.

"சரி. உங்க தண்டனையை நான் ரத்து பண்றேன். இன்னிக்கு மட்டுமில்ல, இனிமே எப்பவும்."

குரலில் சட்டென்று சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு பிள்ளைகளிடம் திரும்பினார். "கண்ணுங்களா, தலையைத் தூக்குங்க. இனிமே யாரும் உங்களை உட்கார வெக்க மாட்டாங்க. ஓடுங்க வீட்டுக்கு!"

யாரும் ஓடவில்லை.

பாதிப் பேர் தலையைத் தூக்கவே இல்லை. அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்ச் பையனின் எச்சில் டெஸ்க்கில் வழிந்திருந்தது.

முன் பெஞ்சு சிறுமி மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள்.

"மேடம், நான் நாளைக்கும் பேசுவேன். நிறையப் பேசுவேன். என்னை இருத்தி வெக்கச் சொல்லுங்க மேடம்."

"ஏம்மா? வீட்டுக்குப் போகணும்னு ஆசையா இல்லையா?"

"இப்ப அது எங்க வீடு இல்ல மேடம். நைட் ஷிஃப்ட்காரங்க தூங்கிட்டு இருப்பாங்க. அவங்களும் பாதி வாடகை தர்றாங்க. விடியக் காலையில இருட்டா இருக்கும்போதே வந்து எங்களை எழுப்பி விட்டுடுவாங்க. சாயங்காலம் அவங்க கிளம்பி, அம்மா மில்லுலேர்ந்து வந்தப்புறம்தான் ரூம் எங்களுக்கு."

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவரைக்கும்... வெளியில விளையாடிட்டு இருக்கலாமேம்மா?"

"விளையாடுவோம் மேடம். தூக்கம் வந்தா, நிறுத்தி வெச்சிருக்கிற லாரிக்கு அடியில படுத்துக்குவோம். அங்கதான் நிழல் இருக்கும். போன வருஷம் என் தம்பி படுத்திருந்தான். டிரைவர் குனிஞ்சு பார்க்கல."