பச்சை மூடிக் குழாய்

நீல மூடிக் குழாய்க்குப் பதில் பச்சை மூடிக் குழாயை எடுத்து இளஞ்சூட்டு நீரில் உருகவைத்துவிட்டு, பல்கலைக்கழக ஆராய்ச்சியாளன் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறான். நீலம் பல்கலைக்கழகத்துடையது; பச்சையோ, தோல் திசுவை உறையவைத்துக் காக்கும் ஆராய்ச்சியில் கூட்டுச் சேர்ந்த கம்பெனியுடையது. மூன்று வருடக் கூட்டு இன்றோடு முடிகிறது. பச்சை மூடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்ப இருந்த கம்பெனி விஞ்ஞானி, உருகிய திசுவில் உயிர் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க உட்காரவேண்டியதாகிவிட்டது. பெட்டி தூக்குவது டிரைவர் வேலை. ஏனோ இன்று அவளே வந்திருக்கிறாள். நைட்ரஜன் தொட்டியின் வாயிலிருந்து வெண்புகை வழிந்து, அவள் செருப்பைத் தடவிவிட்டுத் தரையில் கரைகிறது. மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேஜைமேல் படுக்கவைத்திருக்கிறது. "கண்ணை எங்க சார் அடகு வெச்சீங்க? மூணு வருஷத்துல ஒரு குழாய்கூட மாத்தி எடுத்ததில்லையே" என்கிறாள், நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமல். "குளிர்ல கை நடுங்கிடுச்சு" என்று நடுங்காத கையைக் கோட்டுப் பையில் ஒளித்துக்கொள்கிறான். தப்பாக எடுத்தானா, தப்பாகட்டும் என்றே எடுத்தானா, அவனுக்கே நிச்சயமில்லை. எதையும் வருடக்கணக்கில் கெடாமல் நிறுத்திவைக்கத் தெரிந்த மகாமேதைக்கு, ஒரு சாயங்காலத்தைக் கால்மணி நேரம் நிறுத்த இதுதான் அகப்பட்டது. "நாலு செல்லுல மூணு பொழைச்சிருக்கு. நீங்களும் பொழைச்சீங்க." அவள் சிரிக்கிறாள். "இனிமே இந்தப் பக்கம் வருவீங்களா?" என்கிறான். இதுவரை எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்றே சொல்லிவந்தவள், நுண்ணோக்கியின் விளக்கை அணைத்துவிட்டு அவனை நேராகப் பார்க்கிறாள். "மாட்டேன். அதான் டிரைவரை அனுப்பாம நானே வந்தேன்."