சனிக்கிழமைத் தட்டு

"மேடம், அக்காவும் தங்கச்சியும் இன்னைக்கும் வந்து உக்காந்தாச்சு. அட்டெண்டன்ஸ்ல நம்மளையே தோக்கடிச்சிருவாங்க."

லேப் டெக்னீஷியன் சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தாள். டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து எட்டிப் பார்த்தார். வெளியே பெஞ்சில் அதே இருவர். அக்காவுக்குக் காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி. அங்கிருந்த கட்டியைப் போன வாரம் அறுத்து எடுத்து, என்ன ஏது என்று பார்க்க இந்த லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். தங்கை ஆரஞ்சை உரித்து, நார் நீக்கி, சுளை சுளையாக அக்காவின் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு மட்டும் இல்லை.

"ரிசல்ட் வரலைன்னு சொன்னியா?"

"தினம் அதைத்தானே சொல்றேன். அந்த அக்கா ஒரு நாளாவது முகம் சுளிக்கணுமே. 'பரவாயில்லம்மா, டாக்டர் மெதுவாவே பார்க்கட்டும்'னு சிரிச்சுட்டுப் போறாங்க. தங்கச்சிக்குத்தான் மூஞ்சில ஈயாடல."

"பயத்தை உள்ள வச்சுக்கிட்டு வெளிய சிரிக்கறாங்க. இப்படி எத்தனை பேரைப் பார்த்தாச்சு" என்றார் டாக்டர். நோயாளிகளின் முகத்தைவிட அவர்களுடைய செல்களின் முகம்தான் அவருக்கு அதிகப் பழக்கம். ஆனாலும் மனிதர்களைப் பார்த்ததும் எடைபோட்டுவிடுவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த லேபில் ஒரு வழக்கம். சந்தேகமான கட்டிகளின் ஸ்லைடுகள் சிவப்புத் தட்டில் வரும். அவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். பார்த்தாலே சாதுவாகத் தெரிகிற தோல் கட்டிகள் எல்லாம் ஓரத்து வெள்ளைத் தட்டுக்குப் போகும். வேலை ஓய்ந்த சனிக்கிழமைதான் அவற்றுக்கு விடிவுகாலம். அக்காவின் ஸ்லைடும் அங்கேதான் கிடந்தது.

டாக்டர் வெள்ளைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"மேடம், இன்னைக்கு செவ்வாய்க்கிழமை."

"தெரியுது. ஒரு நாளாவது நல்லவளா இருந்துட்டுப் போறேன், விடு."

ஸ்லைடைப் பொருத்திப் பார்த்தார். தோல் உள்பக்கமாக மடங்கிக் கட்டிக்கொண்ட ஒரு சின்னப் பை. அதன் சுவரில் செல்கள் வரிசை கலையாமல் நின்றன. உள்ளே உதிர்ந்த தோல், வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காகக் கிடந்தது. சுவரை ஓரம் விடாமல் ஒரு சுற்றுப் பார்த்தார். மனசு கேட்காமல் மறுபடியும் ஒரு சுற்று. எந்த வம்புதும்பும் இல்லை.

"இதைவிட யோக்கியமான கட்டி இருக்க முடியாது. அவங்களைக் கூப்பிடு. நானே சொல்றேன்."

இருவரும் உள்ளே வந்தார்கள். அக்காவின் கைப்பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் தங்கையின் தோளில்தான் தொங்கின.

"எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க டாக்டர். அக்காவை வெளிய உக்காரச் சொல்லலாம்" என்றாள் தங்கை.

"ரெண்டு பேருமே கேக்கலாம்மா. இது புத்துநோய் கிடையாது. வெறும் தோல் கட்டி. எடுத்தாச்சு, இனிமே கவலையே படவேண்டாம்."

தங்கை கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கைப்பையையும் பாட்டிலையும் நாற்காலியில் வைத்தாள். "ரொம்ப நன்றி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அக்காவின் முகம் வெளிறிப் போயிருந்தது. சந்தோஷத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"தங்கச்சி வண்டி பிடிக்கப் போயிருக்காங்களா?"

"இல்லைங்க. அவ வீட்டுக்குப் போறா."

"உங்களை விட்டுட்டா?"

அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா செத்த அன்னைக்கு, நீ பார்த்துக்கிட்ட லட்சணம்தான் அம்மாவைக் கொண்டுபோயிடுச்சுன்னு நாலு பேர் முன்னால அவளைச் சொல்லிட்டேன். அதோட பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. வருஷக்கணக்காச்சு. கட்டின்னு கேள்விப்பட்டுத்தான் பெட்டியோட வந்தா. 'ரிசல்ட் வர்ற வரைக்கும் இருப்பேன், அப்புறம் நீ யாரோ, நான் யாரோ'ன்னு வாசல்லயே சொல்லிட்டா. அதுக்கப்புறம் வாயே திறக்கல. நேத்துதான், 'வலிக்குதாக்கா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா."

"ஓடிப்போய்க் கூப்பிடுங்க."

"இனிமே எதைச் சொல்லிக் கூப்பிட? சனிக்கிழமைதான் ரிசல்ட் வரும்னு இந்தப் பொண்ணு சொன்னதை நம்பியிருந்தேன். அதுக்குள்ள எப்படியாவது அவகிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன்."

அந்தத் தட்டை இன்று தொடாமலே இருந்திருக்கலாம். நல்லவளாக இருக்கப் பார்த்ததை நினைக்க டாக்டருக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க பயந்து போயிருக்கீங்களேன்னுதாம்மா அவசரமாப் பார்த்தேன்."

அக்கா தன் கைப்பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எனக்கென்ன பயம்? இது ஒண்ணுமில்லாத கட்டின்னு அறுத்த டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரே. நான்தான் அவகிட்ட மறைச்சுட்டேன். இன்னும் வரலைன்னு நீங்க சொல்றதை அவ காதால கேக்கட்டும்னுதான், தினமும் அவளை இங்க கூட்டிக்கிட்டு வந்தேன்."