சோபர்ஸ் தோற்ற சாயங்காலம்

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும் நீங்க தோத்துப் போயிருங்க, அண்ணாச்சி."

வாசல் நடையிலேயே வழிமறித்து நின்றாள் தாணுமாலயனின் மனைவி சண்முகசுந்தரி. ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டார் அப்துல் மஜீது.

"என்ன தாயி சொல்லுத?"

"அதான், உங்க கிரிக்கெட்டுச் சண்ட. பிராட்மேன்தான் பெரிய ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. ஒரு வாரம் தாங்குததே பெருசுன்னு டாக்டரு கைய விரிச்சுட்டாவ. அவுகளுக்குத் தெரியாது. வயித்துல புண்ணு, சாரல் விழுந்தா ஆறிரும்னு சொல்லி வச்சிருக்கேன். ஜெயிச்ச சந்தோசத்தோடயாவது போகட்டும்."

மஜீது மற்றச் செருப்பையும் கழற்றி வைத்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

தாணுமாலயனும் அவரும் தென்காசியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒரே மட்டையை மாற்றி மாற்றிப் பிடித்து ஆடியவர்கள். ஆனால் தாணுமாலயனுக்கு பிராட்மேன் என்றால் உயிர்; மஜீதுக்கு சோபர்ஸ். மஜீதின் ரேடியோ ரிப்பேர் கடையில் தொடங்கிய இந்த வழக்கு, ஒன்பது வருஷமாகத் தீர்ப்பில்லாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. பந்தயமும் உண்டு. தோற்றவன் குற்றாலத்தில் ஜெயித்தவனுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, பேரருவிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஒன்பது சீசன் வந்து போயிற்று. அவரவர் தலைக்கு அவரவரேதான் தேய்த்துக்கொண்டார்கள். தாணுமாலயனின் மகள் கல்யாணத்தில், தாலி கட்டப் போகிறார்கள் என்று ஆள் வந்து இழுத்துப் போகும்வரை பந்தலில் இதே பேச்சுதான். விட்டுக்கொடுப்பது என்பது இரண்டு பேர் ரத்தத்திலும் கிடையாது.

"வாலே, சோபர்ஸு!"

கட்டிலில் ஆள் பாதியாகக் கிடந்தாலும் தாணுமாலயனின் குரலில் கிண்டல் குறையவில்லை.

"இங்கன உக்காரு. தொண்ணூத்தொம்பது புள்ளி தொண்ணூத்தி நாலு! சராசரிலே, சராசரி! உன் ஆளு கிட்ட வர முடியுமா?"

"ம்."

"அந்தக் காலத்துல மழை பெஞ்சா ஆடுத பிட்ச்ச மூட மாட்டான். சேறு காஞ்சும் காயாமக் கெடக்கும். பந்து எங்கன எந்திரிக்கும்னு பந்து போட்டவனுக்கே தெரியாது. அதுல அடிச்ச ரன்னுலே. இப்ப உள்ளவன் ஆடுததும் ஒரு ஆட்டமா?"

இதற்கு மஜீதிடம் பதில் இருந்தது. சோபர்ஸ் ரன் மட்டுமா எடுக்கிறான்? வேகமாகவும் போடுவான், சுழற்றியும் போடுவான், பக்கத்தில் வரும் பந்தைக் கொக்கு மாதிரி கொத்திப் பிடிப்பான். 1967 ஜனவரியில் மெட்ராஸுக்கு ரயிலேறிப் போய், சேப்பாக்கம் வெயிலில் அவர் கண்ணாரப் பார்த்த ஆட்டமல்லவா அது! எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு துருப்புச் சீட்டும் இருந்தது. கடைசி ஆட்டத்தில் பிராட்மேன் எடுத்தது முட்டை. அதைச் சொன்னாலே தாணுமாலயனுக்கு மூக்கு விடைத்துவிடும்.

நாக்கு நுனிவரை வந்த முட்டையை மஜீது விழுங்கினார்.

"ஏன்லே, முட்டையச் சொல்லலியா?" தாணுமாலயனே எடுத்துக் கொடுத்தார்.

"இல்ல தாணு. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். நீ சொல்லுததுதான் சரி. பிராட்மேனுக்கு முன்னால சோபர்ஸு சின்னப் பய. நான் தோத்துட்டேன்." பெற்ற பிள்ளையைத் தெருவில் நிறுத்தி ஏசியதுபோல அவருக்கு நெஞ்சு வலித்தது. "சாரல் விழட்டும். என் கையால எண்ண தேய்ச்சு விட்டு அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

தாணுமாலயன் தலையைத் திருப்பினார். ஜன்னலுக்கு வெளியே குற்றால மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று மஜீது நினைத்தார். தோற்றாலும் பரவாயில்லை, நண்பனின் மனசு நிறைந்துவிட்டது.

"மஜீது, பிராட்மேன் கடைசியா ஆட வந்தப்ப என்ன நடந்துச்சுன்னு தெரியும்லா?"

"முட்டதானே... இல்ல, அத விடு."

"அதுக்கு முன்னால. மட்டையோட உள்ள வந்து நிக்கான். எதிராளி அத்தன பேரும் அவனச் சுத்தி நின்னு, தொப்பியக் கழத்தி, மூணு தடவ வாழ்த்திச் சத்தம் போட்டானுவ. அத்தன வருசமா எப்படா அவுட்டாவான்னு காத்துக் கெடந்த பயலுவ." மெல்லத் திரும்பி நண்பனின் கையைப் பிடித்தார். "இனிமே இவன் ஆட வரமாட்டான்னு தெரிஞ்சாத்தான் எதிராளி தொப்பியக் கழத்துவான். எத்தன நாளுன்னு சொன்னாவலே, டாக்டரு?"

மஜீது குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பிடித்திருந்த கையின் மேலேயே கண்ணீர் விழுந்தது.

அடுக்களையில் டம்ளர் சத்தம் கேட்டது. சண்முகசுந்தரி காப்பியோடு வந்துகொண்டிருந்தாள். தாணுமாலயன் அவசரமாக அவர் கையை உலுக்கினார்.

"கண்ணத் தொடைலே. சோபர்ஸுதான் பெரிய ஆளுன்னு வீடு அதிர சண்ட போடு. நீ தோத்துட்டேன்னு தெரிஞ்சா, பாவம், வயித்துப் புண்ணுன்னு நம்பிட்டிருக்க சுந்தரியும் கண்டுபிடிச்சிருவா!"