மிட்டாய்ச் சொல்

ஞாயிறுதோறும் பூங்காவில் நடக்கும் அறிவியல் அரட்டையில், 'தெரியல' என்று முதலில் சொல்லும் பிள்ளைக்குக் கடலை மிட்டாய் கொடுப்பது மகிழினியின் வழக்கம். பேச்சே அங்கிருந்துதான் சூடுபிடிக்கும். இந்த ஆண்டு பள்ளியிலிருந்து மாணவர் மணிக்கட்டுகளில், பேச்சை ஒட்டுக்கேட்கும் மதிப்பெண் பட்டை வந்து தொலைந்தது. அந்தச் சொல் காதில் விழுந்தாலே அது அதிர்ந்து, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்.

"மின்மினி ஏன் சுடுறதில்ல?" என்று இன்று கேட்டாள். மகள் யாழிசை உட்பட எல்லாப் பிள்ளைகளும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிட்டாயில் எறும்பு மொய்த்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் யாழிசை தேம்பினாள்.

"ஏண்டி அழற?"

யாழிசை தன் கைப் பட்டையைப் பார்த்தாள். மகிழினி அதைத் தன் உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

"இப்பச் சொல்லுடி. அதுக்குக் கேக்காது."

"தெரியலம்மா."

உள்ளங்கைக்குள் பட்டை அதிர்ந்தது.