பத்தே நிமிடம்

கம்பவுண்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

மனைவி பதறி ஓடிவந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து ஒரு கேப்ஸ்யூலை எடுத்து வந்து அவர் வாயில் போட்டாள்.

"கண்ண மூடிட்டு முழுங்குங்க. பத்தே நிமிஷம், வலி பறந்துடும்."

சொன்னபடியே ஆயிற்று. பத்தாவது நிமிடம் அவர் முகம் தெளிந்தது. இடது கைக் குடைச்சல்கூட விட்டுவிட்டது. வியர்வை மட்டும் நிற்கவில்லை.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"வேண்டாம்னு சொல்லி அனுப்பிடு. வெறும் வாயுப்பிடிப்பா இருக்கும்" என்று சிரித்தார்.

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

"கெட்டிக்காரிதான் நீ! கிளினிக்லேருந்து நான் எத்தனையோ கொண்டுவந்து வச்சிருக்கேன். அதுல எதைக் குடுத்தே?"

"என் தலைவலிக்குத் தருவீங்களே, அந்தச் சிவப்பு கேப்ஸ்யூல்தான். நாலு வருஷமா முழுங்கறேன், ஒரு தடவையாவது கேக்காம இருந்திருக்கா?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"அடிப்பாவி! தொட்டதுக்கெல்லாம் மாத்திரை கேக்கறியேன்னு, காலி கேப்ஸ்யூல்ல நான்தான் மைதா மாவை அடைச்சு வச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கை மறுபடியும் நெஞ்சுக்குப் போனது.

"வண்டிய... நிறுத்து..."

அவள் வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பி மறைந்துகொண்டிருந்தது.