விற்காத வெள்ளி

"வேற எது வேணாலும் எடுத்துக்கம்மா. இந்த வெத்தலப் பெட்டிய மட்டும் கேக்காத."

சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் ஹாஜரா மாமி மூன்றாவது முறையாக இதைச் சொன்னார். கோகிலாவும் மூன்றாவது முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

பெட்டியைச் செய்தவர் அவளுடைய தாத்தா வயிரவன் பத்தர். காரைக்குடியிலிருந்து கப்பலேறிப் பினாங்குத் தீவுக்கு வந்து ஜார்ஜ் டவுனில் வெள்ளிப் பட்டறை போட்டவர். அவர் செய்த ஆறு வெள்ளிப் பொருள்களைத் திரட்டிக் கொடுத்தால், கலைக்கூடத்தில் ஓர் அறைக்கே அவர் பெயரை வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்து கிடைத்துவிட்டன. நாளையோடு கெடு முடிகிறது.

கோகிலாவின் மண்டையைக் குடைந்ததோ வேறொரு கேள்வி. ஜப்பான்காரன் இந்த ஊரைப் பிடித்திருந்த காலத்தில் ஊரே வெள்ளியை விற்று மரவள்ளிக்கிழங்கு வாங்கித் தின்றது. மற்ற பத்தர்கள் செய்தது ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாத்தா செய்தது மட்டும் எப்படித் தப்பியது? கண்ணம்மை ஆச்சி வீட்டுக் குங்குமச் சிமிழ், இராயப்பன் வீட்டுச் சிலுவை என்று போன இடமெல்லாம் பேரப்பிள்ளைகள் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். வேலைப்பாடு அவ்வளவு அழகாம். பசியிலும் விற்க மனம் வரவில்லையாம். கோகிலாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"பத்திரமாக் கொண்டாந்து கொடுத்துருவேன் லா மாமி. கண்ணாடிக்குள்ளதான் வைப்பாங்க. இன்சூரன்ஸ்கூட எடுக்குறாங்க."

"இன்சூரன்ஸா? அதுக்கு யாராச்சும் வந்து பாப்பாங்களா?"

நாளைக் காலை நகைக்கடைக்காரர் ஒருவர் வந்து ஆறையும் உரைகல்லில் உரசிப் பார்த்துச் சான்று தருவார் என்றாள் கோகிலா. ஹாஜராவின் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மத்த அஞ்சையும் இன்னிக்கே திருப்பிக் கொடுத்துரு. அந்த அறையும் வேணாம், பேரும் வேணாம்."

கோகிலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தாத்தாவின் பெயர் விளங்குவதில் இந்த மாமிக்கு என்ன வயிற்றெரிச்சல்? வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

ஹாஜரா பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, விஷயம் தெரிந்த பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை, தானும் சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்ததாகச் சொன்னார்.

"ஜப்பான் காலத்துல எங்க உம்மா இந்தப் பெட்டியத் தூக்கிட்டு அடகுக்கடைக்குப் போனாங்க. அங்க ஆச்சியோட மாமியார் சிமிழோட நின்னாங்க, இராயப்பனோட அப்பா சிலுவையோட நின்னாரு. கடைக்காரன் ஒவ்வொண்ணாச் சுரண்டிப் பாத்தான். மேல வெள்ளி, உள்ள பூரா ஈயம். எல்லாத்தையும் அவங்கவங்க கையிலயே திருப்பிக் கொடுத்துட்டாம்மா."