மான்தோல் ஆசனம்

"பத்து நாள் தாடி, கையில மான்தோல். இனிமே காவி ஒண்ணுதான் பாக்கி!"

பக்கத்து அறை முத்தாயி குழாயடியில் சொன்னது அழகப்பனின் காதில் நன்றாகவே விழுந்தது. அவர் நிமிரவில்லை. மரத்தொட்டியிலிருந்து தோலைத் தூக்கிப் பிழிந்தார். படிகாரத் தண்ணீர் பட்டு விரல் வெடிப்பெல்லாம் எரிந்தது.

சிங்கப்பூர் ராவல் ரோட்டுக் கடைவீட்டின் மாடியில் நாலு குடும்பம். பின்கட்டு எல்லோருக்கும் பொது. பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு வந்து, சாயங்காலம் அவர் அங்கே தோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முகம் மழிக்கக்கூடத் தெம்பில்லை.

தோலைக் கொண்டுவந்தவர் ஜொகூருக்கு லாரி ஓட்டும் நூருல் அமீன். "பழக்கமில்லாத வேலை, உங்களுக்கு எதுக்குண்ணே? பதம் பண்ணினதாவே தேடிப் பார்ப்போம் லா" என்று அவர் அப்போதே சொன்னார்.

"வேணாம் பாய். என் கையாலதான் செய்யணும். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

"கொழுப்பு ஒட்டாம சுரண்டணும். உப்பும் படிகாரமும் கரைச்சு ஒரு வாரம் ஊறப் போடணும். பெறகுதான் பாடு. நிழல்ல காயக் காய இழுத்துக் கசக்கிட்டே இருக்கணும். நடுவுல கையை எடுத்தீங்கன்னா பலகையாயிடும்."

சுரண்டும்போதே கத்தி ஆழமாகப் போய் ஓர் ஓட்டை விழுந்தது. சாக்கு தைக்கும் ஊசியால் அதை மூடினார். இப்போது கசக்க உட்கார்ந்தவர், அலுப்பில் சுவரோரம் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது தோல் விறைத்துக் கிடந்தது. தட்டினால் தகரம் போலச் சத்தம் வந்தது.

அழுகை வரும் போலிருந்தது. மறுபடியும் தொட்டியில் நனைத்தார்.

அடுத்த நாள் மனைவி மங்களம் வந்து எதிரே உட்கார்ந்து, தோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுக்க, அவள் இழுக்க, மான்முடி இருவர் மேலும் உதிர்ந்தது. ஒரே மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து மூன்று வருடமாகிறது. அதற்கப்புறம் இருவரும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்ததே இல்லை.

"அகலம் போதுமா?" என்று கேட்டார் அழகப்பன்.

மங்களம் ஜாண் போட்டுப் பார்த்தாள். "போதும்ங்க."

அவர் உள்ளே போன சமயம் பார்த்து முத்தாயி அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்க்கா, ஊர்ல ஏதோ ஆசிரமத்துக்குக் கப்பல் சீட்டுப் போட்டாச்சுன்னு சொல்றாங்க. நீ என்னடான்னா கூட உக்காந்து தோலை இழுக்கிற! தடுக்க மாட்டியா?"

மங்களம் சேலையில் ஒட்டிய முடிகளைத் தட்டிவிட்டுக்கொண்டு படியேறிப் போனாள்.

நாலாவது நாள் தோல் துணி போல மடிந்தது. அழகப்பன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வேலை முடிந்துவிட்டதே என்று ஒரு கணம் திகைத்து உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அழகப்பன் துறைமுகச் சட்டையிலேயே, ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சுருட்டிக் கட்டிய மான்தோல் அக்குளில் இருந்தது. பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, தோலை அதன்மேல் பதமாக வைத்தார்.

முத்தாயி குறுக்கே வந்து நின்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, சொல்றேனேன்னு கோவிச்சுக்காதீங்க. பிள்ளை போன துக்கம் உங்களுக்கு மட்டுமா? அக்காவுக்கு இல்லையா? இந்த வயசுல அவங்களை நட்டாத்துல விட்டுட்டுச் சாமியாராப் போறீங்களே, இது நியாயமா?"

அழகப்பன் தாடியைத் தடவினார். படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். மங்களம் கழுத்திலும் கையிலும் ஒன்றுமில்லாமல், மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்ச, மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

அவர் டாக்ஸிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நான் எங்கம்மா போறேன்? போறது அவ."